ஆணி பிடித்து நிறுத்திய நட்சத்திரம்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. பின்னால் நிற்பவர் முன்னால் இருப்பவரின் தோளில் கை போட்டுக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்றைக்கு நான் சொல்லப்போகும் கதையில் ராஜாவும் இல்லை, ராட்சசனும் இல்லை. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, அவளுடைய நாத்தனார், மூவருக்கும் மேலே ஒரு டைரக்டர் அம்மா, எல்லாருக்கும் மேலே ஒரு நட்சத்திரம். அவ்வளவுதான். ஆனால் கேட்டு முடித்தபின் வெளியே போய் ஒரு தடவை அண்ணாந்து பார்க்காமல் உங்களுக்குத் தூக்கம் வராது. அதற்கு நான் பொறுப்பு.

ஒரு குன்று. குன்றின் உச்சியில் வானத்தைப் பார்க்கிற ஆய்வுக்கூடம். மேலே, முட்டை ஓட்டைக் கவிழ்த்தது போல ஒரு குவிமாடம், அதற்குள் தொலைநோக்கி. கீழே, ஜன்னல் ஜன்னலாக வைத்த ஒரு நீள அறை. அதில் சாய்வு மேசைகளுக்கு முன் பெண்கள்.

அங்கே நடக்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைநோக்கியின் வாயில் ஒரு பெரிய கண்ணாடிப் பட்டகம் பொருத்தியிருப்பார்கள். நட்சத்திரத்தின் வெளிச்சம் அதில் புகுந்து வரும்போது புள்ளியாக வராது. வானவில்லைக் கத்தரித்து எடுத்த துண்டு போல, சின்னப் பட்டையாக விரிந்து வரும். உள்ளே, படம் பதிகிற பூச்சுப் பூசிய ஒரு கண்ணாடித் தகடு காத்திருக்கும். ஒரு தகட்டில் நூறும் இருக்கும், இருநூறும் இருக்கும். அத்தனை நட்சத்திரங்களும் எறும்பு அளவுப் பட்டைகளாக விழுந்து கிடக்கும். ஒவ்வொரு பட்டையின் குறுக்கேயும் மயிரிழை போலக் கோடுகள். அந்தக் கோடுகள்தான் பேசும். இந்தக் கோடு இருந்தால் அங்கே இரும்பு இருக்கிறது. அந்தக் கோடு இருந்தால் சுண்ணாம்புச் சத்து. நம் எலும்பில் இருக்கிறதே, அதே சத்துதான். நினைத்துப் பாருங்கள்: போய்ச் சேர முடியாத தூரத்தில் எரிகிற ஒன்றின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று, ஒரு பெண் காலையில் மேசையில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுகிறாள்.

கோடுகளைப் பார்த்து இனம் பிரிப்பார்கள். மொத்தம் ஏழே எழுத்து. நீலமாய்க் கொதிக்கிறவை முதல் எழுத்தில்; அடுப்புத் தணல் போலச் சிவந்தவை கடைசி எழுத்தில்; நம்முடைய சூரியன் நடுவுக்குச் சற்றுப் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக. பேர் வாங்கிய நட்சத்திரங்கள் கொஞ்சம்தான். மற்றவற்றுக்கெல்லாம் ஓர் எண், ஓர் எழுத்து. அதுவே அவற்றின் ஜாதகம்.

அந்த நீள அறையில் எல்லாரையும்விட நிதானமானவள் நம் கதாநாயகி. கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். அதனால் அவளுக்கு லென்ஸ் அக்கா என்று பேர். அவளுடைய புருஷன் மேலே குவிமாடத்தில் தொலைநோக்கியைப் பிடிக்கிறவர். வானம் நகர்ந்துகொண்டே இருக்கும் அல்லவா? தொலைநோக்கியும் கடிகாரச் சக்கரத்தில் கூடவே திரும்பும். ஆனாலும் சக்கரம் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அவர் ஒரு சின்னக் குழாயில் கண்ணை வைத்து, சிலந்தி நூல் போன்ற கம்பியின் மேல் நட்சத்திரத்தை நிறுத்தி, அது விலக விலகக் கைப்பிடியைத் துளித்துளியாகத் திருகிக்கொண்டே இருப்பார். சுவரில் அடித்தது போல நிற்பதால் அவருக்கு ஆணி என்று பேர். "ஆணி பிடிச்சா நட்சத்திரம் அசையாது" என்று குன்றில் ஒரு பேச்சே உண்டு.

அந்த ஆணிதான் ஆட ஆரம்பித்திருந்தது.

ஆமாம், கண்ணுகளா. டீ டம்ளரை எடுத்தால் ஆணியின் கை நடுங்கும். தளும்பிய டீயைப் பார்க்காதது போல எல்லாரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். அந்தப் பருவத்தில் ஒரே வானத்துண்டைத் திரும்பத் திரும்ப அவர் எடுத்த தகடுகளும் நடுநடுவே கெட்டு வந்தன. ஒற்றையாக இருக்க வேண்டிய கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பிடிக்கிறவர் கை நடுவழியில் ஆடிவிட்டால் அப்படித்தான் விழும். ஆய்வுக்கூடத்துக்கே தலைவியான டைரக்டர் அம்மா அவரைக் கூப்பிட்டுத் தன்மையாகவே சொன்னார்.

"இன்னொரு தகடு இப்படி வந்துச்சுன்னா நீங்க கீழ வந்துடுங்க. குவிமாடச் சக்கரத்துக்கு எண்ணெய் போடணும், பட்டகம் துடைக்கணும். அதுக்கும் பொறுமையான ஆள்தானே வேணும்?"

"சரிங்க மேடம்" என்றார் ஆணி. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் கையையே நம்பாதவர் வேறு எதைப் பிடிப்பார்?

இரண்டு நாள் கழித்துக் காலையில் அந்த அடுத்த தகடு லென்ஸ் அக்காவின் மேசைக்கு வந்தது.

அங்கே ஒரு முறை உண்டு. தகட்டின் மேல் ஒரு கறுப்பு அட்டையை வைப்பார்கள். அட்டையில் ஒரே ஒரு சின்னத் துவாரம். துவாரத்தில் ஒரு நட்சத்திரம் மட்டும் தெரியும். அக்கம்பக்கம் எல்லாம் மறைந்துவிடும். பக்கத்து நட்சத்திரத்தைப் பார்த்தால் மனம் அதோடு ஒப்பிட்டு ஏமாறும் என்பதற்காகப் பெரியவர்கள் வகுத்த முறை. முதலில் தகட்டின் நடுவில் இருக்கிற பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அது தெளிவாக இருந்தால் மற்றவற்றைப் பார்க்கலாம். அது ஆடியிருந்தால் தகடே கழிவு. ஓரத்தில் சிவப்பு மையால் 'ஆடியது' என்று எழுதி, கழுவுகிற அறைக்கு அனுப்பிவிட வேண்டும்.

லென்ஸ் அக்கா அட்டையை வைத்தாள். குனிந்தாள். கோடுகள் இரண்டிரண்டாக நின்றன.

நிமிர்ந்து மூச்சு விட்டுவிட்டு மறுபடி குனிந்தாள். இரண்டுதான்.

எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? ஒற்றை என்று எழுதிவிட்டால் வீட்டில் ஒரு மனுஷனின் மானம் பிழைக்கும். ஆனால் அந்த எழுத்தை நம்பித்தான் உலகத்தில் எங்கோ ஒருவர் ஒரு கணக்குப் போடுவார். அதை நம்பி இன்னொருவர். லென்ஸ் அக்கா பேனாவை மையில் தோய்த்தாள். 'ஆடியது.' எழுதி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. வேறு யார் கையிலும் கொடுக்க மனமில்லாமல் தகட்டைத் தானே தூக்கிக்கொண்டு கழுவுகிற அறைக்குப் போனாள்.

அங்கே இருந்தவள் அவளுடைய நாத்தனார். ஆணியின் தங்கை. தகடுகளுக்கு இருட்டறையில் மருந்து போடுவதும் அவள்தான். கழிவுத் தகடுகளை வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்து, பூச்சைச் சுரண்டி, வெறும் கண்ணாடியாக அடுக்குவதும் அவள்தான். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

"என்ன அண்ணி, நீங்களே சுமந்துட்டு வர்றீங்க?" என்றவள் ஓரத்துச் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டாள். "எங்க அண்ணன் எடுத்ததா?"

"ஆமா."

"எழுதிட்டீங்க."

"எழுதிட்டேன்."

"மாமியார் உடைச்சா மண்குடம்னு கேள்விப்பட்டிருக்கேன். பெண்டாட்டி உடைச்சா என்ன குடம்னு இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

"ஏண்டி, வேணும்னா எழுதினேன்? கண்ணுக்குத் தெரியறதை எழுதறதுதானே என் வேலை?"

"கட்டிக்கிட்டவராச்சேன்னு கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டா வானம் இடிஞ்சா விழும்?"

"கண்ணை மூடிக்கிட்டு இந்த வேலை பார்க்க முடியாது. வேணும்னா நீயே பாரு. அப்புறம் என்னைத் திட்டு." கழுத்திலிருந்த லென்ஸைக் கழற்றி நாத்தனாரின் கையில் திணித்தாள்.

நாத்தனார் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தகட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக நிறுத்தி, ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்க ஆடுது? கோடு கோடா ஒழுங்காத்தானே நிக்குது."

"உனக்குப் பார்க்கத் தெரியல."

"ஏன், உங்களுக்கு மட்டும் மூணு கண்ணா?"

"நடுவுல இருக்கிறதைப் பாருடி."

"எது நடு? ஈ மொய்ச்ச மாதிரி கெடக்கு. நான் இதைப் பார்த்தேன்." விரலை வைத்துக் காட்டினாள். விரல் ஏதோ ஒரு மூலையில் இருந்தது.

லென்ஸ் அக்கா சலித்துக்கொண்டே லென்ஸைப் பிடுங்கி அந்த மூலையைப் பார்த்தாள். கோடுகள் ஒற்றை ஒற்றையாக, ஊசியால் கீறியது போல நின்றன.

பக்கத்துப் பட்டைக்குப் போனாள். ஒற்றை. அதற்குப் பக்கத்தில். ஒற்றை. மேலே, கீழே, இந்த ஓரம், அந்த ஓரம். எல்லாம் ஒற்றை. நடுவுக்கு வந்தாள். இரண்டு.

கறுப்பு அட்டை அவளுடைய மேசையிலேயே கிடந்தது. இத்தனை காலமும் துவாரத்தின் வழியே ஒருத்தியைப் பார்த்து ஊரையே பழி சொல்லியிருக்கிறோமே என்று அவளுக்குச் சுரீர் என்றது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி? மயக்கமா? தண்ணி கொண்டு வரவா?"

"உங்க அண்ணன் கை ஆடல."

"அதைத்தானே நானும் அப்பலேர்ந்து..."

"இல்லடி, கேளு. கை ஆடியிருந்தா எல்லாம் சேர்ந்து ஆடியிருக்கணும். ஒரே தகடு, ஒரே கை. ஒண்ணு மட்டும் எப்படி ஆடும்? இது ஆடின கை இல்ல. அந்த நட்சத்திரத்துலயே என்னமோ இருக்கு."

நாத்தனார் சிரிக்க வாயெடுத்தவள், அப்படியே நிறுத்திவிட்டாள். சுவரோரம் அடுக்கியிருந்த கண்ணாடிகளைப் பார்த்தாள். தண்ணீர் போலத் தெளிவான, வெறும் கண்ணாடிகள்.

"இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் நானே கழுவிட்டேனே, அண்ணி. எங்க அண்ணனுக்கு இருந்த சாட்சியெல்லாம் என் கையாலயே சுரண்டிட்டேனே."

லென்ஸ் அக்கா தகட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கையால் நாத்தனாரை இழுத்துக்கொண்டு மாடியேறினாள்.

டைரக்டர் அம்மா தகட்டை விளக்குப் பெட்டியின் மேல் வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. ஆறிய காபி பக்கத்திலேயே ஆடை கட்டியது. கடைசியில் நிமிர்ந்தபோது அவர் முகம் சின்னப் பெண்ணின் முகம் போல இருந்தது. ஆனால் அவசரப்படவில்லை.

"அட்டையை வெச்சுப் பார்க்கச் சொன்னவங்கள்ல நானும் ஒருத்தி. அது கிடக்கட்டும். ஒரு தகடு போதாது. பூச்சு அந்த இடத்துல மட்டும் ஈரத்துல இழுத்திருந்தாலும் கோடு ரெண்டாகும்."

"என் தொட்டியில எந்தப் பூச்சும் இழுக்காதுங்க மேடம்" என்றாள் நாத்தனார் வெடுக்கென்று.

"இழுக்கலைன்னு இன்னொரு தகடு சொல்லட்டும்மா. அதே நட்சத்திரம், அதே கை. இன்னைக்கே எடுக்கட்டும். இன்னைக்கும் அந்த ஒண்ணு மட்டும் ரெண்டாத் தெரிஞ்சா அவர் நாற்காலி அவருக்குத்தான்."

இதைக் கேட்டு ஆணி குதித்து எழுந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. வீட்டில், கிளம்புவதற்குச் செருப்பைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"வேற யாரையாச்சும் உட்கார வைக்கச் சொல்லு. எனக்கு வேணாம்."

"ஏங்க?"

"நீ எழுதினது பொய்யா? கோடு ரெண்டாத் தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுது. அது பொய் இல்ல. நான் சொன்ன காரணம்தான் பொய்."

"இந்தக் கையைப் பாரு." நீட்டினார். விரல்கள் காற்றில் நடுங்கின. "இதை வெச்சுக்கிட்டு நான் எதை நிறுத்தறது?"

லென்ஸ் அக்கா அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்க கைக்கு அவ்வளவு சக்தி இருந்தா ஒண்ணை மட்டும் பார்த்து ஆட்டுமா? நீங்க ஆடினா மொத்த வானமும்ல ஆடணும்! நூறு நட்சத்திரத்தை ஊசி முனையில நிறுத்தின கைங்க இது. நான் எண்ணிப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன். எழுந்திருங்க. நானும் கூட வர்றேன்."

இருட்டத் தொடங்கும்போது இருவரும் குவிமாடத்துக்கு ஏறினார்கள். கூரையின் பிளவு கரகரவென்று திறந்தது. ஆணி குழாயில் கண்ணை வைத்தார், கைப்பிடியைத் தொட்டார். தொட்டதும், நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடுக்கம் நின்றுவிட்டது. டம்ளருக்கு நடுங்குகிற கை வேறு, வானத்துக்கு நிற்கிற கை வேறு போலிருக்கிறது.

"தகடு போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீ பாரு" என்று நகர்ந்துகொண்டார்.

வேடிக்கை பாருங்கள், ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களுக்கு இனம் சொன்னவள் இதுவரை ஒன்றைக்கூடத் தொலைநோக்கியில் பார்த்ததில்லை. அவளுக்கு நட்சத்திரம் என்றால் சாம்பல் பட்டை. கண்ணை வைத்தாள். கறுப்பு நூல் ஒன்று குறுக்கே போனது. நூலின் மேல் ஒரு வெளிச்சம், இப்போதுதான் பிறந்தது போல ஈரமாக மின்னியது. அவளுக்குத் தன் மூச்சுச் சத்தம்கூட அதிகமாகத் தோன்றியது.

"ஒண்ணுதான் தெரியுது" என்றாள் மெதுவாக.

"எனக்கும் ஒண்ணுதான் தெரியும். ரெண்டா இருந்தா தகடு சொல்லட்டும்."

காலையில் நாத்தனார் தகட்டை இருட்டறையிலிருந்து குழந்தையை ஏந்துவது போல ஏந்தி வந்தாள். நீள அறைப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். யாரும் அட்டையைக் கேட்கவில்லை. லென்ஸ் அக்கா ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். "ஒத்தை... ஒத்தை... ஒத்தை..." என்று அவள் சொல்லச் சொல்ல அறையில் ஈ பறந்தால் கேட்கும். நடுவுக்கு வந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ரெண்டு."

டைரக்டர் அம்மா ஓடி வந்து பார்த்தார். முந்தைய தகட்டையும் பக்கத்தில் வைத்துக் கோடுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அளந்தார். நேற்றையதைவிட இன்றையதில் இடைவெளி குறைந்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரயில் ஊதிக்கிட்டே நம்மைப் பார்த்து வரும்போது சத்தம் கீச்சுன்னு இருக்கும். தாண்டிப் போனதும் தடிச்சுடும். கேட்டிருக்கீங்கல்ல? வெளிச்சமும் அப்படித்தான். நம்மை நோக்கி வர்றதோட கோடு ஊதாப் பக்கம் ஒரு மயிரிழை நகரும். விலகிப் போறதோட கோடு சிவப்புப் பக்கம் நகரும். இங்க ஒரே நேரத்துல ரெண்டும் நடக்குது. அப்படின்னா அங்க இருக்கிறது ஒண்ணு இல்ல, ரெண்டு நட்சத்திரம். ஒண்ணை ஒண்ணு சுத்துது. ஒண்ணு வருது, ஒண்ணு போகுது."

"குழாயில ஒண்ணாத்தானே இருந்துச்சு?" என்றாள் லென்ஸ் அக்கா.

"அவ்வளவு தூரம்மா. எவ்வளவு பெரிய கண்ணாடி வெச்சாலும் ஒட்டித்தான் தெரியும். அதுங்க ஓடுற வேகத்துல, நீங்க கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள ஒரு ஊர்லேர்ந்து பத்து ஊர் தாண்டிடலாம். அந்த ஓட்டம் முழுக்க இந்த மயிரிழைக்குள்ள இருக்கு. அதுவும் இப்போ ஓடினது இல்ல. நம்ம பாட்டனுக்குப் பாட்டன் பிறக்கறதுக்கு முன்னாடி ஓடினது. இன்னைக்குத்தான் இந்த மேசைக்கு வந்து சேர்ந்திருக்கு."

 நாத்தனார்கூடப் பேசவில்லை, கண்ணுகளா. அதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

டைரக்டர் அம்மா கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை எடுக்கிற தகட்டில் இரண்டும் நம்மை நோக்கி வராமலும் விலகாமலும் குறுக்கே கடக்கும், அதனால் கோடு ஒன்றாகிவிடும். அதற்கப்புறம் மறுபடி பிரியும் என்றார். நடுவில் மேகம் வந்து ஆணியைப் படாத பாடு படுத்தியது. கதவைத் திறப்பார், அண்ணாந்து பார்ப்பார், மூடுவார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் மேகம் விலகியது. அந்தத் தகட்டில், மொத்த வானத்தோடு சேர்ந்து அந்த நட்சத்திரமும் ஒற்றைக் கோட்டோடு சமர்த்தாக நின்றது. அடுத்த தகட்டில் கோடு கொஞ்சம் தடித்தது. அதற்கடுத்ததில் நடுவே ஒரு வெளிச்சக் கீற்று விழுந்து, இரண்டாகப் பிரிந்தது. எங்கோ கண்ணுக்கு எட்டாத வெளியில் இரண்டு பெரிய நெருப்புகள் ஒன்றையொன்று தாண்டிப் போனதை, ஒரு சின்ன அறையில் சில பெண்கள் நாள் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்ன நாளில் வந்தது, சொன்ன நாளில் போனது.

"பேர் வைக்கலாமா மேடம்?" என்றாள் நாத்தனார்.

"பேர் கிடையாது. பழைய எண்தான். பின்னால ஒரு குறி போடுவோம்."

"இது என்ன நியாயம்? ரெட்டைப் பிள்ளை பிறந்தா ரெண்டுக்கும் ஒரே நம்பரா?"

டைரக்டர் அம்மா சிரித்தார். "எண்ணுக்குப் பின்னால ஆளுக்கு ஒரு எழுத்து உண்டு. வெளிச்சம் கூடினதுக்கு முதல் எழுத்து, மத்ததுக்கு அடுத்த எழுத்து."

"அப்ப மூத்தவன், இளையவன்னு நான் சொல்லிக்கறேன். புருஷன் பெண்டாட்டின்னு வெச்சா சரி வராது. இத்தனை யுகமா சுத்தியும் ஒரு சண்டை சத்தம் கேக்கலையே."

"தூரம்டி. அதான் கேக்கல" என்றாள் லென்ஸ் அக்கா.

டைரக்டர் அம்மா ஆணியின் பக்கம் திரும்பினார். "நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுடுங்க. உங்க கை நல்லா நின்னதாலதான் அந்த மயிரிழை தெரிஞ்சுது. கொஞ்சம் ஆடியிருந்தாலும் குழம்பிப் போயிருக்கும், ரெண்டுன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நாற்காலி உங்களோடதுதான்."

 யாரோ நீட்டிய டீயை ஆணி வாங்கினார். டம்ளர் நடுங்கித் தளும்பியது. இந்தத் தடவை யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. லென்ஸ் அக்கா அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்; அவர் நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு, பொழுது சாய்கிறது என்று சொல்லிக்கொண்டு குவிமாடத்துப் படியேறிப் போய்விட்டார்.

அவ்வளவுதான், என் செல்வங்களே. உங்கள் கூரைக்கு மேல் வானம் தெளிந்திருக்கட்டும். கூரைக்குக் கீழே அடுப்பும் விளக்கும் அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்களின் கை உறுதியாக இருக்கட்டும். அது நடுங்குகிற காலம் வந்தால், அடியில் தாங்கிப் பிடிக்க உங்கள் வீட்டில் எப்போதும் இன்னொரு கை இருக்கட்டும்.